பெண் ஹார்மோன் யாரைக் காக்கிறது?

1

அக்காவுக்கு அந்தத் தலைவலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “மண்டைக்குள்ள யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சுடி. இப்படி ஒரு வலி எனக்கு வந்ததே இல்ல.”

அப்போது அவளுக்கு வயது 51. ஓராண்டாக மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நடு இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் வருவதில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்று அவ்வப்போது சொல்வாள். எனவே நான் சொன்னேன்: “நிக்கிற வயசுக்கா. ஹார்மோன் ஏறி இறங்குறதுதான். ஒரு மாத்திரை போட்டுட்டுப் படு.”

சனிக்கிழமை முழுக்க வாந்தி எடுத்தாள். ஞாயிறு காலையில் அவளால் கழுத்தை மடக்க முடியவில்லை, பேச்சு குழறியது. அத்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஸ்கேனில், மூளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் ரத்தம் பரவியிருந்தது. ரத்தக்குழாயின் சுவரில் குமிழ்போலப் புடைத்திருந்த ஓரிடம் வெடித்திருந்தது. ‘சப்அரக்னாய்டு ஹெமரேஜ்’ என்று எழுதினார்கள். பக்கவாதம் என்றால் அடைப்பு என்று மட்டுமே அறிந்திருந்த எங்கள் குடும்பத்துக்கு, வெடிப்பாலும் பக்கவாதம் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அன்று இரவு டூட்டி டாக்டரிடம் பேசினேன். முப்பது வயதிருக்கும் பெண். களைத்த முகத்தோடும் பொறுமையோடும் சொன்னார்: “பீரியட்ஸ் இருக்கிற வரைக்கும் லேடீஸுக்கு ஒரு ப்ரொடெக்‌ஷன் இருக்கும் மேடம். ஹார்மோன் காப்பாத்தும். அது நிக்கிற சமயத்துல ரிஸ்க் ஏறிடும்.”

மறுநாள் அக்காவின் மகன் கைப்பேசியைக் காட்டினான். “சித்தி, மூளையில ரத்தம் கசிஞ்சப்புறம் பெண்களோட ஹார்மோனை ஊசியாப் போட்டா வீக்கம் குறையுதாம். ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அம்மாவுக்கு ஏன் போடக் கூடாது?” அவனுக்காக மூத்த மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்: “அது எலிக்கும்மா.”

ஹார்மோன் காப்பாற்றும் என்பது ஒரு வாக்கியம். அது எலிக்கு என்பது இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் அக்கா படுத்திருந்தாள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பிரதிகளை வாசிப்பதும், வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். அந்த நாட்களிலும் அதற்குப் பின்னும் நான் தேடிப் படித்த ஆய்வுகளை, என் துறை எனக்குப் பழக்கிய முறையிலேயே படித்தேன். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் அதில் இல்லை என்று பார்த்தேன். அந்த வாசிப்புதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் அந்தப் பெயர். ‘பெண் ஹார்மோன்’ என்று ஒன்று இருக்கிறதா?

1929இல் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பிரித்தெடுத்தார். கர்ப்பிணிகளின் சிறுநீர்தான் அதன் மூலப்பொருள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆண் ஹார்மோன் ஒன்றைத் தேடியபோது பெர்லின் போலீஸ்காரர்களின் சிறுநீரை ஆயிரக்கணக்கான லிட்டர் சேகரித்தார்கள். பெண்ணுக்குக் கர்ப்பிணி, ஆணுக்குக் காவலர். வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே கதாபாத்திரங்கள் முடிவாகிவிட்டன.

ஆனால் இயற்கை அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. 1934இல் பெர்ன்ஹார்ட் சோன்டெக், ஆண் குதிரையின் சிறுநீரில் ‘பெண் ஹார்மோன்’ ஏராளமாக இருப்பதைக் கண்டு வெளியிட்டார். வீரியத்துக்கு உவமையாகச் சொல்லப்படும் விலங்கு அது. ஆணுடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு, பெண்ணுடலிலும் டெஸ்டோஸ்டீரோன் உண்டு என்பது அன்றே தெரிந்துபோயிற்று. ஆனாலும் பெயர் மாறவில்லை. நெல்லி அவுட்ஷோர்ன் 1994இல் எழுதிய நூலிலும், ஆன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங் 2000இல் எழுதிய நூலிலும் இந்த வரலாற்றை விரிவாகப் பேசுகிறார்கள். ஆண், பெண் என்ற இரட்டைக் கட்டமைப்பு ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அது வெளியிலிருந்து உள்ளே எடுத்துச் செல்லப்பட்டது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

மூளையைப் பற்றிப் பேசும்போது இது வெறும் பெயர்ச் சண்டையாக நின்றுவிடுவதில்லை. டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரடயோலாக மாற்றும் நொதி ஆண் மூளையிலும் பெண் மூளையிலும் இருக்கிறது. நரம்பு மண்டலம் தானே ஸ்டீராய்டுகளை உருவாக்கிக்கொள்ளும் என்பதை முன்வைத்து, பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியேன்-எமில் போலியூ 1981இல் அவற்றுக்கு ‘நியூரோஸ்டீராய்டு’ என்று பெயரிட்டார். அப்படியானால், சூலகத்தில் குடியிருந்து மாதவிலக்கு நின்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு காவலாளியாக இந்த ஹார்மோனைக் கற்பனை செய்வது எவ்வளவு சரி? ‘பெண் ஹார்மோன்’ என்ற சொல் அந்தக் கற்பனையை நமக்காகச் செய்துகொடுத்துவிடுகிறது. டூட்டி டாக்டர் சொன்ன வாக்கியமும் அங்கிருந்து வந்ததுதான்.

3

இனி எலிகள். இந்தக் கதையின் இந்தப் பகுதி உண்மையிலேயே அழகானது. அதை மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டொனால்டு ஸ்டெய்னின் ஆய்வுக்கூடத்தில், மூளையில் காயம்பட்ட எலிகளில் பெண் எலிகள் ஆண் எலிகளைவிட நன்றாகத் தேறுவது கவனத்துக்கு வந்தது. பெண் எலிகளுக்குள்ளும் வித்தியாசம் இருந்தது. ஹார்மோன் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் காயம் பட்டது என்பதைப் பொறுத்துத் தேறுதல் மாறியது. புரொஜெஸ்டிரோன் மிகுந்திருந்த பொய்க்கர்ப்ப நிலையில் மூளை வீக்கம் குறைவாக இருந்தது. 1993இல் ராபின் ரூஃப் என்ற பெண் ஆய்வாளர் அந்தக் குழுவோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, காக்கும் பொருள் புரொஜெஸ்டிரோன்தான் என்று சுட்டியது. காயத்துக்குப் பின் அந்த ஹார்மோனைக் கொடுத்தால் ஆண் எலிகளுக்கும் வீக்கம் குறைந்தது.

அது அடிபட்ட மூளை. ரத்தம் கசிந்த மூளையையும் பார்த்தார்கள். மூளைக்குள் கசியும் ரத்தம் இரண்டு முறை கெடுதல் செய்கிறது. முதலில் இடத்தை அடைத்துக்கொண்டு திசுவை நசுக்குகிறது. பிறகு அடுத்தடுத்த நாட்களில், ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து வெளியேறும் இரும்பும் பிற பொருள்களும் சுற்றியுள்ள செல்களை அரிக்கின்றன, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு தளர்கிறது, வீக்கம் ஏறுகிறது. முதல் கெடுதலை யாராலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாவதை நிறுத்த முடியுமா என்பதுதான் ‘மூளையைக் காத்தல்’ என்ற ஆய்வுத் துறையின் கேள்வி. 2000களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளைக்குள் ரத்தக்கசிவு உண்டாக்கிய எலிகளில் பெண்ணுக்கு வீக்கம் ஆணைவிடக் குறைவு என்றும், ஈஸ்ட்ரடயோல் கொடுத்த ஆண் எலிகளுக்கு வீக்கம் குறைகிறது என்றும் காட்டினார்கள். அக்காவின் மகன் கைப்பேசியில் படித்தது இந்த மரபில் வந்த ஏதோ ஒன்றைத்தான். அவன் பொய்ச்செய்தி எதையும் படிக்கவில்லை.

இந்த ஆய்வுகளை அவற்றைச் சூழ்ந்திருந்த அறிவியலோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு முரண் தெரிகிறது. 2009ஆம் ஆண்டில் வெளியான விலங்கு ஆய்வுகளை அன்னலீஸ் பீரியும் இர்விங் சுக்கரும் கணக்கெடுத்தார்கள். நரம்பியலில் பெண் விலங்குகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வு நடந்தால், ஆண் விலங்குகளை மட்டும் வைத்து 5.5 ஆய்வுகள் நடந்திருந்தன. ஏன் பெண் வேண்டாம்? அவளுடைய ஹார்மோன் ஏறி இறங்கும், முடிவுகள் குழம்பும் என்பது பல தலைமுறையாகச் சொல்லப்பட்ட காரணம். 2014இல் சுக்கர் குழுவினர் 293 கட்டுரைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகமாக மாறுபடவில்லை என்று தெரிந்தது. அதாவது, யாரும் சரிபார்க்காத ஒரு நம்பிக்கை அறிவியல் முறையாக நடமாடியிருக்கிறது. ஆய்வுகளில் பாலினத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் விதி கொண்டுவந்தது 2016இல்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் ஹார்மோன் ஏறி இறங்குகிறது, ஆகவே அவள் ஆய்வுக்கு ஆகாதவள். பெண்ணின் ஹார்மோன் மூளையைக் காக்கிறது, ஆகவே அது எல்லோருக்கும் மருந்தாகும். பெண் இரைச்சல்; அவளுடைய சுரப்பு புதையல். சுரப்பை எடுத்துக்கொண்டு சுரந்தவளை வெளியே நிறுத்தும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

நான் அக்காவிடம் தொலைபேசியில் சொன்ன வாக்கியத்தையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். “ஹார்மோன் ஏறி இறங்குறதுதான்” என்றேன். ஆய்வுக்கூடம் பெண் எலியைத் தள்ளிவைத்த அதே சொற்களால் நான் என் அக்காவின் வலியைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

4

எலிகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் வழியில் என்ன நடந்தது?

ரத்தக்கசிவுப் பக்கவாதத்துக்கு முன்னால், தலைக்காயத்துக்குத்தான் இந்த ஹார்மோனைப் பெரிய அளவில் சோதித்தார்கள். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகம் நடத்திய சோதனையின் பெயர் ‘ப்ரொடெக்ட்’. ஆய்வின் நீண்ட பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி, ‘காப்பாற்று’ என்று பொருள் வருமாறு அமைத்த பெயர். முடிவு தெரியும் முன்பே முடிவைச் சொல்லும் தலைப்பு. 2007இல் அச்சான இரண்டாம் கட்டச் சோதனையில் 100 பேர் இருந்தார்கள். புரொஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 13 விழுக்காடு. பெறாதவர்களில் 30 விழுக்காடு. நம்பிக்கை உச்சத்துக்குப் போயிற்று.

2014 டிசம்பரில் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் சேர்ந்து வந்தன. அமெரிக்காவில் நடந்த மூன்றாம் கட்ட ‘ப்ரொடெக்ட்’டில் 882 பேர். 21 நாடுகளில் நடந்த ‘சினாப்ஸ்’ சோதனையில் 1,195 பேர். இரண்டிலும் புரொஜெஸ்டிரோன் எந்த நன்மையும் தரவில்லை. முதலாவதை, தொடர்வதில் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டிலும் பங்கேற்றவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். தலையில் பலத்த அடிபட்டு வருகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதால் இதில் சதி எதுவும் இல்லை. பெண்களைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் மருந்து வென்றிருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பெண்ணுடலிலிருந்து தொடங்கிய ஒரு கேள்வி, பயணத்தின் முடிவில் பெண்ணைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் போயிற்று என்பதை மட்டுமே சுட்டுகிறேன். எலி ஏன் தேறியது என்பது ஆழமான கேள்வி. எந்த வயது, சுழற்சியின் எந்தக் கட்டம், ஏற்கெனவே உடலில் என்ன ஓடுகிறது, குட்டி போட்ட எலியா, முதிர்ந்த எலியா என்றெல்லாம் அது விரிந்திருக்க வேண்டும். அவ்வளவும் சுருங்கி ஒரு பாட்டில் மருந்தாயிற்று. கூண்டில் ஒரே வயது, ஒரே உணவு, அளந்து கொடுத்த ஒரே காயம். மருத்துவமனை வாசலுக்கு வரும் மனிதர்கள் அப்படி வருவதில்லை.

வயதான பெண்களிடம் ஹார்மோனைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. அவை வேறு கேள்வியைக் கேட்டவை, ஆனால் நமக்கு முக்கியமானவை. அடைப்பு வகைப் பக்கவாதமோ அதன் தற்காலிக அறிகுறியோ கண்ட, மாதவிலக்கு நின்ற 664 பெண்களுக்கு ஈஸ்ட்ரடயோல் மாத்திரை அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 71. 2001இல் முடிவு வந்தது: மறுபடி பக்கவாதம் வருவதும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை, ஹார்மோன் பெற்றவர்களிடம் உயிரைப் பறித்த பக்கவாதங்கள்தான் கூடியிருந்தன. 2002 ஜூலையில் ‘பெண்கள் நலவாழ்வு முன்முயற்சி’ என்ற மாபெரும் அமெரிக்க ஆய்வின் ஒரு பிரிவு நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பிரிவில் 16,608 பெண்கள். பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் இரண்டும் ஹார்மோன் பெற்றவர்களிடம் கூடியிருந்தன. 10,739 பெண்களைக் கொண்ட ஈஸ்ட்ரோஜன் பிரிவும் 2004இல் நின்றது. அங்கும் பக்கவாதம் கூடியிருந்தது. கூடியவை பெரும்பாலும் அடைப்பு வகை, ரத்தக்கசிவு வகை அல்ல. ஆனாலும் ‘காவல்’ என்ற சொல்லுக்கு விழுந்த அடி பெரியது.

இங்கே பெண்ணியவாதிகளான நாமும் அவசரப்பட்டிருக்கிறோம். ஹார்மோன் என்றாலே மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி என்று ஒதுக்குகிற போக்கு நம்மிடம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1966இல் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன், மாதவிலக்கு நிற்பதைக் குறைபாட்டு நோயென்றும் ஈஸ்ட்ரோஜன் பெண்ணை என்றென்றும் பெண்ணாக வைத்திருக்கும் என்றும் எழுதிய நூல் பெருவாரியாக விற்றது. மருந்து நிறுவனப் பணம் அவருக்குப் போயிருந்தது பின்னால் வெளிவந்தது. ஆனால் நடு இரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்து தூக்கமின்றி மறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, மருத்துவர் உடல்நிலையைப் பார்த்து அளவோடு தரும் ஹார்மோன் உண்மையான நிவாரணம். அதை எடுத்துக்கொள்கிறவள் ஏமாந்தவள் அல்ல. வெப்ப அலைக்கு மருந்து என்பது ஒரு பேச்சு. மூளைக்குக் காவல் என்பது வேறு பேச்சு. முதலாவதற்கு ஆதாரம் இருக்கிறது. ரத்தக்கசிவுக்குப் பின் மூளையைக் காக்க ஹார்மோன் தரலாம் என்று சொல்ல இன்றைக்கு மருத்துவரிடம் எலிகள் மட்டுமே இருக்கின்றன. மூத்த மருத்துவர் சொன்னது உண்மை. நின்று இரண்டு நிமிடம் விளக்கியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

5

தமிழ் படித்தவளுக்கு ‘காவல்’ என்ற சொல்லைத் தாண்டிப் போவது எளிதல்ல. இந்த ஹார்மோன் கதையின் அமைப்பு எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது.

பெண்ணின் உடலுக்குள் ஓர் ஆற்றல் உறைகிறது என்று சங்கக் கவிதை நம்பியது. அதை அணங்கு என்றது. ஜார்ஜ் ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள் அந்த ஆற்றலையும் கற்பையும் இணைத்து எழுதியிருக்கிறார்கள். முறையாகக் கட்டிக் காக்கப்பட்டால் அது கணவனைக் காக்கும், குடியைக் காக்கும், மழையைக்கூடத் தரும். கணவன் இறந்துவிட்டால் அதே உடல் அஞ்சத்தக்கதாகிவிடும். அதை அடக்கத்தான் கைம்மை நோன்பு: கூந்தல் களைவது, அணி களைவது, அல்லியரிசி உண்பது, பாயில்லாமல் படுப்பது. கண்ணகி மதுரையை எரித்தபோது திருகி எறிந்தது தன் இடமுலையைத்தான். அங்கேயும் ஆற்றல் இருந்த இடம் உடலின் பெண்மை என்று சுட்டப்பட்ட பகுதி.

இந்தக் கதையில் பெண் காவலின் கொள்கலம். அந்தக் காவல் அவளுடைய விருப்பமோ அறிவோ உழைப்போ அல்ல. அவளுக்குள் தானாகச் சுரப்பது. அது இருக்கும்வரை அவளுக்கு மதிப்பு. போய்விட்டால் அவள் வெறும் பாண்டம்.

ஹார்மோனும் கற்பும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஹார்மோனை அளக்க முடியும், பிரித்தெடுக்க முடியும், அதைப் பற்றிச் சொன்னது தவறென்று சோதித்து நிறுவவும் முடியும். 2014இல் நடந்தது அதுதான். கற்பை எந்தச் சோதனையாலும் வீழ்த்த முடிந்ததில்லை. என் அக்கறை, ஹார்மோனைப் பற்றிச் சொல்லப்படும் கதையில். ‘இயற்கையே பெண்ணுக்கு ஒரு காவல் வைத்திருக்கிறது’ என்ற வாக்கியம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இளம்பெண்ணிடம், உனக்குப் பயமில்லை என்கிறது. ஆகவே முப்பது வயதுக்காரி கடும் தலைவலி என்று வந்தால் பக்கவாதம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மாதவிலக்கு நின்றவளிடம், உன் காவல் போய்விட்டது, இனி இப்படித்தான் என்கிறது. ஆகவே ஐம்பது வயதுக்காரியின் எந்த வலியும் ‘அந்த வயசு’க்குள் அடங்கிவிடுகிறது. காவல் இருக்கும்போதும் அவளை யாரும் பார்ப்பதில்லை, போன பிறகும் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு வந்த வகை ரத்தக்கசிவு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. குறிப்பாக ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த வித்தியாசம் கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதற்கும் ரத்தக்குழாய்ச் சுவர் நலிவதற்கும் தொடர்புண்டா என்று ஆராய்கிறார்கள். ஆராயட்டும், தேவையான ஆராய்ச்சி. பெண் விலங்குகளை, அதிலும் வயதான பெண் விலங்குகளை வைத்து ஆராயட்டும். அந்தப் பதில் வருவதற்குள், அந்த வயதுப் பெண்ணொருத்தி ‘இப்படி ஒரு வலி வந்ததே இல்லை’ என்று சொன்னால் அதைக் கேட்பதற்கு எந்த ஆய்வு முடிவும் தேவையில்லை.

6

அக்காவுக்கு அறுவை செய்து, வெடித்த குமிழின் கழுத்தில் கிளிப் போட்டார்கள். நிமோடிபின் என்ற மாத்திரையை நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள் கொடுத்தார்கள். கசிந்த ரத்தத்தால் அடுத்த நாட்களில் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி இரண்டாம் பாதிப்பு வரும் அபாயம் உண்டு. அதன் விளைவைக் குறைக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படும் மருந்து அது. பெயரில் எந்தக் காவலும் இல்லாத, பெண்மையைப் பற்றி ஒரு கதையும் சொல்லாத மருந்து. இரவெல்லாம் விழித்து நேரம் தவறாமல் அதைக் கொடுத்த செவிலியர்களைத்தான் நான் காவல் என்பேன்.

பிழைத்துவிட்டாள். இடது கை வலுவிழந்திருக்கிறது. சத்துணவு மையத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு அரிசிக் கணக்கை மனதில் வைத்திருந்தவள், இப்போது சில சமயம் ‘பூட்டு’ என்ற சொல்லைத் தேடி நிற்கிறாள். ஒருநாள் கோபமே இல்லாமல் கேட்டாள்: “நீதானடி சொன்ன, ஹார்மோன்னு?” ஆமாம்க்கா என்றேன். “உனக்கும் தெரியாதுல்ல” என்றாள். எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்தவள்போலச் சொன்னேனே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அவளுக்கு மூன்று ஆண்டுகளாகவே ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. மாத்திரை தீர்ந்தால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாளாம். அத்தானுடைய சர்க்கரை மாத்திரை ஒருநாளும் தீர்ந்ததில்லை. உயர் ரத்த அழுத்தம் மூளை ரத்தக்கசிவின் முதன்மையான காரணங்களில் ஒன்று. மலிவான மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியது. ஒரு பெண்ணின் மூளையைக் காக்கும் பொருள் என்று இன்றைக்கு உறுதியாக எதையாவது சொல்ல முடியுமென்றால், அந்த மாத்திரையைச் சொல்லலாம். அதற்குத் தடையாக நிற்பது சூலகம் அல்ல. குடும்பத்தின் மாதச் செலவில் அவளுடைய மாத்திரை எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்பது.

அக்காவின் தலைவலிக்குப் பிறகு நானும் பரிசோதித்துக்கொண்டேன். 150க்கு 95. நாற்பத்தாறு வயதில், மாதவிலக்கு இன்னும் நிற்காமல், ‘காவல்’ இன்னும் இருப்பதாகச் சொல்லப்படும் உடலில். இப்போது மாத்திரை போடுகிறேன்.

வகுப்பில் மாணவிகளுக்கு ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தரும்போது, சொல்லப்பட்டதை முதலில் சொல்லப்பட்டபடியே கேளுங்கள், உங்கள் விளக்கத்தைப் பிறகு கொண்டுவாருங்கள் என்பேன். இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை அக்கா சொன்ன வாக்கியம் தெளிவாக இருந்தது. திடீரென வந்த வலி, ஓங்கி அடித்ததுபோன்ற வலி, இதற்கு முன் வந்தே இராத வலி. மருத்துவப் பாடநூலில் அந்த நோய்க்கு எழுதியிருக்கும் விவரிப்பும் கிட்டத்தட்ட அதேதான். எட்டாம் வகுப்போடு நின்றவள் தன் நோயைத் துல்லியமாகச் சொல்லியிருந்தாள். முனைவர் பட்டம் பெற்ற நான் அதற்கு மேலே ‘ஹார்மோன்’ என்ற என் விளக்கத்தை எழுதி மூடினேன்.